தடையில் மருந்து சேராது

மார்ச் 14

தம்பிக்கு,

இதைக் கொண்டு வருகிறவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வந்து போகும் வெளிநாட்டு உதவி அமைப்பு டாக்டரம்மா. பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு, தபாலில் போடாதே. நீ போட்ட மூன்று கடிதங்களும் பிரித்து ஒட்டித்தான் வந்தன. ஒட்டுகிறவனுக்கு அந்த வேலைகூட ஒழுங்காகத் தெரியவில்லை. மூன்றாவதில் பசை வழிந்து பாதி எழுத்து போய்விட்டது.

போன ஆகஸ்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள், பன்னிரண்டு நாட்டுக் கூட்டமைப்பின் அவையில் நீ எழுந்து, "மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுக்குத்தான் நான் பிரதிநிதி. இந்த நாற்காலியைக் காலி செய்ய மாட்டேன்" என்று பேசியதை வானொலியில் கேட்டோம். முடிந்ததும் அத்தான், "உன் தம்பி பேசிட்டான். இனி நாம பதில் சொல்லணும்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. அடுத்த வாரமே அவருடைய தலைமையாசிரியர் வேலை போயிற்று. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறார். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் நின்றது. இதை உன் மேல் குறையாக எழுதவில்லை. நீ பேசாமல் இருந்திருந்தால்தான் எனக்கு வருத்தம்.

குறை வேறு. ஜனவரியில் ஒன்றைத் தவிர மற்ற கூட்டமைப்பு நாடுகள் எல்லாம் நம் மேல் வர்த்தகத் தடை போட்டன. நீ ஒவ்வொரு நாட்டு வாசலாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கிய தடை. "தடையில் மருந்து சேராது" என்று பேட்டியில் சொன்னாய். வாஸ்தவம். எங்களிடமும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு என் பொறுப்பு என்பதால் சொல்கிறேன். டயாலிசிஸ் பிரிவில் பதினோரு மெஷின், நாற்பத்து மூன்று நோயாளிகள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற ஃபில்டரைக் கழுவி ஆறு முறை பயன்படுத்துவது வழக்கம். இப்போது பதினான்கு முறை. வாரம் மூன்று நாள் வந்தவர்களை இரண்டு நாளாக்கிவிட்டோம். விற்கிற கம்பெனி அனுப்பத் தயார். நாங்கள் அனுப்பும் பணத்தை அந்த ஊர் பேங்க் நான்கு முறை திருப்பிவிட்டது. "தடை செய்யப்பட்ட நாடு" என்று ஒரே வரி.

இதற்கு என்ன செய்யலாம் என்று எழுது. சொற்பொழிவு வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரம்மா உறையை நீட்டியதும் வாசலில் நின்றபடியே படித்தேன். அத்தானுக்கு வேலை போனது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

தூதரகக் கட்டடத்தை ராணுவம் பூட்டிவிட்டது. ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில்தான் இப்போது நம் நாட்டின் தூதரகம். கீழேயிருந்து நாள் முழுக்க ஆவி வந்து காகிதமெல்லாம் நமத்துப்போகிறது. நானும் ஒரு தட்டச்சரும் மட்டும். அவையில் ராணுவம் அனுப்பிய ஆளுக்கு எனக்குப் பின்வரிசையில் பார்வையாளர் இருக்கை. நாள் முழுக்க என் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போனால் நாற்காலி போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

தடையைப் பற்றிச் சொல்கிறேன். துறைமுக வருமானமும் மர ஏற்றுமதியும்தான் ராணுவத்தின் உயிர்நாடி. அதைப் பிடிக்காமல் அவர்கள் ஒருநாளும் பேச்சுவார்த்தைக்கு வரப்போவதில்லை. மருந்துக்கும் உணவுக்கும் ஒன்பதாம் பிரிவில் தெளிவான விலக்கு உண்டு. அந்தப் பிரிவை எழுதியவர்களில் நானும் ஒருவன். நடைமுறையில் சில இடர்ப்பாடுகள் இருக்கலாம். உரிய குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்கிறேன்.

இன்னும் சில மாதங்கள்தான். எல்லோரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

"நடைமுறையில் சில இடர்ப்பாடுகள்" என்று எழுதியிருந்தாய். அந்த இடர்ப்பாட்டுக்கு முப்பத்தெட்டு வயது. பஸ் கண்டக்டர். வார்டில் எல்லோரும் 'ரைட்டு' என்று கூப்பிடுவார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும், "எல்லாரும் ஏறியாச்சா? ரைட், போலாம்" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தினமும் கேட்ட ஜோக்குக்குத் தினமும் சிரிப்பார்கள்.

ஃபில்டர் குறையக் குறைய, யாருக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தோம். டாக்டர், வார்டு சிஸ்டர், நான். இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும் என்று தீர்மானித்தோம். ரைட்டு அதில் ஒருவர். அவரிடம் போய்ச் சொன்னது நான்தான்.

"பரவாயில்ல மேடம், ஃபுல் லோடு. இந்த ட்ரிப்ப விட்டுட்டு அடுத்த ட்ரிப்புல ஏறிக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 26 அன்று மூச்சு இரைக்க இரைக்கக் கொண்டுவந்தார்கள். மெஷின் சும்மாதான் இருந்தது. மாட்ட ஃபில்டர் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து அவர் மனைவி என் கவுன்டருக்கு வந்தாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். அவருக்குக் கொடுத்து மிச்சமிருந்த மாத்திரைகளை ஒரு பையில் கட்டி வைத்து, "வேற யாருக்காவது ஆகும்" என்றாள். அப்புறம் என் முகத்தையே பார்த்தாள்.

"அங்க தடை கேட்டுப் பேசினது உங்க தம்பிதானே?"

"ஆமா."

மாத்திரைப் பையை என் பக்கம் தள்ளினாள். போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று இனி யாருக்கும் எழுதாதே.

அக்கா

மே 30

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்றே பேங்க் தலைமையகத்துக்குப் போனேன். ஒன்பதாம் பிரிவை மேஜையில் விரித்துக் காட்டினேன். அதிகாரி மரியாதையானவர், டீ வரவழைத்தார்.

"விலக்கு இருக்கு சார், யார் இல்லேன்னா? ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அபராதம் கட்டப்போறது நாங்க. எங்க பாஸ் ரிஸ்க் எடுக்க மாட்டார்" என்றார்.

"கூட்டமைப்பு நாடுகள் சேர்ந்து, மருந்துக்காக வரும் பணத்தை வாங்குவது குற்றமில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால்?"

"அப்படி ஒண்ணு கொண்டு வாங்க, நாளைக்கே அனுப்பிடறேன்."

அந்தக் கடிதத்தைக் கூட்டமைப்பில் நான்தான் கேட்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கேட்பதற்காக எழுதிக்கொண்டும் போனேன். உள்ளே நுழையும் முன் நமக்கு வேண்டிய ஒரு நாட்டின் பிரதிநிதி என்னை ஓரமாக அழைத்தார். "தடையால நோயாளிங்க சாகறாங்கன்னு நீங்களே எழுந்து சொன்னா, நாளைக்கே நாலு நாடு கழண்டுக்கும். தடை உடையும். ஜெனரல்கள் இன்னும் பத்து வருஷம் உக்காந்திருப்பாங்க. ஜூலையில மறுபரிசீலனைக் கூட்டம் வருது, அப்போ நாசூக்கா சேர்த்துக்கலாம்" என்றார்.

நான் கேட்கவில்லை, அக்கா. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். அவர் சொன்னது தப்பு என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் காகிதம் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

இது உன் கைக்கு வியாழனுக்கு முன்னால் கிடைத்துவிட வேண்டும். டாக்டரம்மாவிடம் கெஞ்சியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மேற்பார்வையாக ஒரு மேஜரைப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"டிவியில பேசணும்மா. உங்க தம்பி பண்ற வேலையால இங்க ஜனங்க சாகறாங்கன்னு நீங்களே சொன்னா ஊரு நம்பும்."

"சொன்னா?"

"ஃபில்டருக்கு ஏற்பாடு பண்றோம். ரெண்டே நாள்ல."

எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. முப்பத்தொன்பது பேர் மிச்சம். ரைட்டுக்கு அப்புறம் மூன்று பேர் போய்விட்டார்கள். நீ ஜூலையில் நாசூக்காகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாய். அவர்களுக்கு ஜூலை வரை நாள் இல்லை.

சம்மதித்துவிட்டேன். அவர்கள் எழுதிக்கொடுப்பதை வாசிக்க மாட்டேன், எனக்குத் தெரிந்ததை என் வாயால் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். பொய் ஒரு வார்த்தை வராது. உன்னைப் பற்றியும் வரும். அத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

டிவியில் பார்த்து நீ தெரிந்துகொள்ளக்கூடாது. அதற்காகத்தான் இது.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

உன் கடிதம் ஜூன் 30 அன்று வந்தது. ஒளிபரப்பு 26.

28ஆம் தேதி அவையில் போட்டுக் காட்டினார்கள், மொழிபெயர்ப்போடு. நாற்பது விநாடி. "என் தம்பி கேட்டு வாங்கிய தடையால் என் வார்டில் நான்கு பேர் செத்துப்போனார்கள்." அதைத் திரும்ப இரண்டு முறை போட்டார்கள். பின்வரிசைக்காரர் என் தோளைத் தட்டி, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். இரண்டு நாடுகள் தடையிலிருந்து விலகிவிட்டன.

நீ சொன்னதில் பொய் இல்லை. அதை யார் கையில் கொடுத்தாய் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எழுதினால் வேண்டாத வார்த்தை வரும். கொஞ்ச காலம் நாம் எழுதிக்கொள்ளாமல் இருப்போம்.

தம்பி

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

நான் பேசியது ஒன்பது நிமிடம். வார்டு ஜெனரேட்டருக்கு வந்த டீசலைப் படைமுகாமுக்கு எடுத்துக்கொண்டு போனதையும் பெயர் சொல்லிச் சொன்னேன். அவர்கள் காட்டியது உன்னைப் பற்றிய நாற்பது விநாடி மட்டும். என் முட்டாள்தனம்தான். வெட்டி ஒட்டுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மேஜர் சொன்ன மாதிரியே இரண்டாம் நாள் ஃபில்டர் வந்தது. இருபத்தாறு பெட்டி. நானே கிடங்கில் நின்று இறக்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் துறைமுகச் சீட்டு ஒட்டியிருந்தது. வந்து சேர்ந்த தேதி மார்ச் 19. டாக்டரம்மாவின் அமைப்பு பிப்ரவரியில் இலவசமாக அனுப்பிய சரக்கு. தடையால் கப்பலே திரும்பிப் போய்விட்டது என்று எங்களிடம் சொன்னார்கள். திரும்பவில்லை. ராணுவக் கொட்டகையில் மூன்று மாதம் பூட்டிக் கிடந்திருக்கிறது. ரைட்டு மூச்சுக்குத் தவித்த நாளில் அது ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஈரத் துணியால் ஊறவைத்து ஊறவைத்து இருபத்தாறு சீட்டையும் கிழியாமல் உரித்தேன்.

நேற்று கூட்டமைப்பின் சிறப்புத் தூதர் நிலைமையை நேரில் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம் போல. எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். என் முறை வந்ததும் மேஜர், "இவங்கதான் டிவியில பேசினவங்க" என்றார். நான் சீட்டுகளை உள்ளே வைத்த ஒரு ஃபைலை நீட்டி, "மருந்துப் பட்டியல் ஐயா, சாவகாசமாப் பாருங்க" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். ஃபைலை இறுகப் பிடித்திருந்தேன். அதை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மேஜரும் பார்த்தார்.

அதனால் இனி என்ன ஆகும் என்று தெரியாது. மாற்றுப் புடவை ஒன்றும் பல் துலக்கும் பிரஷும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். உன் பேரில் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் சீட்டு உன் பக்கத்துக்குத்தான் வர வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்ட் 13 அன்று உன்னை ஆஸ்பத்திரியிலிருந்தே அழைத்துப் போனதாக டாக்டரம்மா சொன்னார். இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பார்க்க விடுகிற அன்று அவர் வாசித்துக் காட்டட்டும்.

சிறப்புத் தூதர் அவையில் எழுந்து, இருபத்தாறு சீட்டையும் ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். அடுக்கி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்வரிசைக்காரர் "போலி" என்றார். டாக்டரம்மாவின் அமைப்பு கப்பல் ரசீதைக் காட்டியது. தடையில் சேராமல் ராணுவத்துக்கு இத்தனை நாள் நிழல் கொடுத்து வந்த நாட்டின் பிரதிநிதி குனிந்து ஒரு சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். அப்புறம் தலை நிமிரவில்லை.

என்னைப் பேச அழைத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்கிற மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "வந்த மருந்தை அவங்க பூட்டி வெச்சாங்க. வராத மருந்தை நாம பூட்டி வெச்சோம். தடையைக் கேட்டு வாங்கினவன் நான். பேங்க் பணத்தைத் திருப்புதுன்னு ஏப்ரல் மாசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இங்க உக்காந்திருந்தேன்." என்னை ஓரமாக அழைத்துப் பேசினாரே, அந்தப் பிரதிநிதி கண்ணை மூடிக்கொண்டார். பேங்குகளுக்கான கடிதம் அன்றே கையெழுத்தாயிற்று. விலகிய இரண்டு நாடுகளும் திரும்பி வந்தன. நிழல் கொடுத்த நாடும் தடையில் சேர்ந்தது. அடுத்த வாரம் ஜெனரல்கள் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள்.

நம் முதல் கோரிக்கை, சிறையில் இருப்பவர்களின் விடுதலை. இருநூற்றுப் பதினான்கு பேரின் பட்டியல் நான் தயாரித்தது. பிடித்த தேதி வரிசையில் எழுதினேன். தவணை தவணையாகத்தான் விடுவார்கள். "அக்காவை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்" என்று தூதரே சொன்னார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏற்றவில்லை. நீ இருநூற்று எட்டாவது.

அத்தானிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவரே வாசிக்கப்போகிறார்.

தம்பி

நவம்பர் 25

தம்பிக்கு,

18ஆம் தேதி விட்டார்கள். தொண்ணூற்றேழு நாள். இளைத்திருக்கிறேன், மற்றபடி கை கால் சரியாக இருக்கிறது. என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதாதே. நேரில் கேட்டால் சொல்வேனோ என்னவோ.

உன் கடிதத்தை அத்தான் கம்பிக்கு வெளியே நின்று வாசித்தார். இருநூற்று எட்டு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். உன் மேல் இன்னும் கோபம்தான், உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எனக்கு இல்லை. என்னோடு அறையில் ஒரு நிருபர் பெண் இருந்தாள். உள்ளே வந்து ஒரு வருஷம். முதல் தவணையில் அவளைக் கூப்பிட்டபோது செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். என்னை ஏற்றியிருந்தால் அவளோ அவளைப் போல ஒருத்தியோ இறங்கியிருப்பாள்.

கிடங்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஃபில்டர் வருகிறது. முப்பத்தாறு பேர், வாரம் மூன்று நாள்.

அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். ஏப்ரல் 7 தேர்தல். ராணுவம் முகாமுக்குத் திரும்பும். கூட்டமைப்பு நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் பார்வையாளர்கள் வருவார்கள். அவையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசைக்காரர் கூட.

பதினேழாம் பிரிவைச் செய்தித்தாள்கள் சின்ன எழுத்தில்தான் போடும், அதனால் நானே சொல்கிறேன். ஆட்சியில் இருந்த காலத்தில் செய்த எதற்கும் ராணுவத்தார் யார் மீதும் வழக்கு கிடையாது. பெரிய ஜெனரல் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். கொட்டகையைப் பூட்டியவனும், உன்னை அழைத்துப் போனவனும் அதே பிரிவுக்குள் வருகிறார்கள். அந்த வாக்கியத்தை எழுதும்போது நான் மேஜையில் இருந்தேன். இது இல்லாவிட்டால் எழுந்து போவோம் என்றார்கள். மூன்று நாள் மறுத்தோம். நான்காம் நாள் நானும் தலையாட்டினேன்.

கண்டக்டரின் மனைவிக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பிரிவையும் பதினேழாம் பிரிவையும் பற்றி, என் பங்கைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஏழு முறை எழுதிக் கிழித்து, எட்டாவதை வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

தேர்தல் நல்லபடியாக நடந்தது. எங்கள் சாவடி ஒரு பள்ளிக்கூடம். காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. அத்தான் பழைய தலைமையாசிரியர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், வயிற்றில் பொத்தான் ஏறவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் பார்வையாளர் ஒருவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "வெயில் அதிகம்" என்றேன்.

புதிய அரசு உன்னை அமைச்சராகக் கூப்பிட்டிருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். போவதும் போகாததும் உன் இஷ்டம். பதினேழாம் பிரிவைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நான் அந்த மேஜையில் இல்லை. என்னை அழைத்துப் போனவனைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன், பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவ்வளவுதான்.

உன் கடிதத்தை ரைட்டின் மனைவியிடம் ஜனவரியிலேயே கொடுத்தேன். தேர்தலன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, பைக்குள்ளிருந்து அதே உறையை எடுத்து என் கையில் வைத்தாள். பிரிக்கவே இல்லை.

"படிக்கலையா?"

"இல்ல."

"மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதியிருக்கான். அவன் பேர்ல உள்ள தப்பையும் எழுதியிருக்கான்."

"இருக்கும் மேடம். நல்லாவே எழுதியிருப்பாரு. எழுதறதுதானே அவர் வேலை." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வரச் சொல்லுங்க. என் எதிர்ல உக்காந்து வாயால சொல்லட்டும். நானும் சொல்ல வேண்டியது இருக்கு. அதைக் கேக்கட்டும்."

"என்ன சொல்லப்போறே?"

"அவர்கிட்டதான் சொல்வேன்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. சனிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி கிளம்பு. விமான நிலையத்துக்கு அத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழியெல்லாம் பேச மாட்டார், நீயும் பேச்சுக் கொடுக்காதே. அமைச்சர் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பார்த்துக்கொள்.

அக்கா